விமான மைல்கள்: குடும்பமாகச் சேர்ப்போம், காலாவதியாகும் முன் பயன்படுத்துவோம்

துபையில் வேலை பார்க்கும் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறை சென்னைக்கு வந்து திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழித் தூரம் சுமார் 1,800 மைல். பத்து ஆண்டுகளில் அவர் பறந்த தூரம் சுமார் 36,000 மைல். இதற்கிடையில் மனைவி மக்கள் விசிட் விசாவில் போய் வந்திருப்பார்கள். உம்மாவும் வாப்பாவும் உம்ரா செய்திருப்பார்கள். மச்சான் சிங்கப்பூரில் இருப்பார். இத்தனை பயணங்களுக்கும் விமான நிறுவனங்கள் கொடுத்த மைல்கள் எங்கே என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இருக்காது. சிலர் உறுப்பினராகவே சேர்ந்திருக்க மாட்டார்கள். சேர்ந்தவர்களுக்கு எண் மறந்திருக்கும். எண்ணைத் தேடி எடுத்தால் மைல்கள் காலாவதியாகி இருக்கும்.

மலிவான டிக்கெட்டில் ஆண்டுக்கு ஒரு முறை பறக்கும் தனி ஒருவருக்குச் சேரும் மைல்கள் சொற்பம்தான். அதை வைத்து ஒரு டிக்கெட் எடுப்பதற்குள் பழைய மைல்கள் காலாவதியாகிவிடும். ஆனால் ஒரு குடும்பத்தின் பயணங்கள் எல்லாம் ஒரே திட்டத்தில், ஒரே கணக்கில் சேர்ந்தால் நிலைமை மாறும். அதை எப்படிச் செய்வது, எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மைல் என்பது என்ன?

1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 'அட்வான்டேஜ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நம்மோடு அடிக்கடி பறந்தால் உங்கள் கணக்கில் மைல்களை வரவு வைப்போம், போதுமான அளவு சேர்ந்ததும் டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாம் என்பதே அதன் அடிப்படை. சில நாட்களிலேயே யுனைடெட் நிறுவனமும் அதைப் பின்பற்றியது. இன்று உலகின் பெரிய விமான நிறுவனங்கள் பெரும்பாலானவற்றில் இது உண்டு.

ஆரம்பத்தில் பறந்த தூரத்துக்கு ஏற்பவே மைல்கள் கிடைத்தன. இப்போது பல நிறுவனங்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தை வைத்துக் கணக்கிடுகின்றன. டெல்டா, யுனைடெட் நிறுவனங்கள் 2015-லும், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2016-லும் இந்த முறைக்கு மாறின. ஏர் இந்தியா 2024-ல் மாறியது. எனவே 'மைல்' என்ற பெயர் மட்டுமே பழையது. உண்மையில் அது அந்த நிறுவனம் தரும் ஒரு வகைக் கூப்பன். அதன் மதிப்பைக் கூட்டவும் குறைக்கவும் நிறுவனத்தால் முடியும்.

ஒரே கணக்கில் இரண்டு வகை மைல்கள் இருக்கும். ஒன்று, டிக்கெட் எடுக்கவும் வகுப்பை உயர்த்திக்கொள்ளவும் பயன்படும் மைல். மற்றது, சில்வர், கோல்டு போன்ற தகுதிகளைத் தீர்மானிக்கும் மைல். இரண்டாவது வகையைச் செலவழிக்க முடியாது, பிறருக்குக் கொடுக்கவும் முடியாது. ஆனால் அந்தத் தகுதி கிடைத்தவருக்குப் பல நிறுவனங்கள் கூடுதல் லக்கேஜ் எடை தருகின்றன. ஊருக்கு வரும்போது ஒவ்வொரு கிலோவையும் எண்ணிப் பெட்டி கட்டுபவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

எந்தத் திட்டத்தில் சேருவது?

உறுப்பினராகச் சேரக் கட்டணம் இல்லை என்பதால் கண்ணில் படும் திட்டத்தில் எல்லாம் சேர்ந்துவிடுகிறோம். ஐந்து திட்டங்களில் ஐந்தாயிரம் மைல் வீதம் கிடந்தால் ஒன்றுக்கும் உதவாது. குடும்பம் வழக்கமாகப் போகும் தடத்தைப் பார்த்து ஒன்று, அதிகம் போனால் இரண்டு திட்டங்களைத் தேர்ந்தெடுப்பதே சரி.

ஒரு நிறுவனத்தின் விமானத்தில் பறந்து இன்னொரு நிறுவனத்தின் கணக்கில் மைல் சேர்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. விமான நிறுவனங்கள் மூன்று பெரிய கூட்டணிகளாகச் சேர்ந்திருக்கின்றன. 1997-ல் உருவான ஸ்டார் அலையன்ஸில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும், 2014-ல் சேர்ந்த ஏர் இந்தியாவும் உள்ளன. 1999-ல் உருவான ஒன்வேர்ல்டில் கத்தார் ஏர்வேஸ், மலேசியா ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் ஆகியவை உள்ளன. 2000-ல் உருவான ஸ்கைடீமில் சவூதியா உள்ளது. எமிரேட்ஸும் எத்திஹாடும் எந்தக் கூட்டணியிலும் இல்லை. ஆனால் தனித்தனி நிறுவனங்களோடு ஒப்பந்தம் வைத்துள்ளன.

இதை நம் தடங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம்:

துபை செல்பவர்கள்: எமிரேட்ஸின் 'ஸ்கைவார்ட்ஸ்' திட்டம்தான் 2018 முதல் ஃபிளைதுபைக்கும். இரண்டில் எதில் பறந்தாலும் ஒரே கணக்கில் சேரும்.

தோஹா செல்பவர்கள், தோஹா வழியாகப் பறப்பவர்கள்: கத்தார் ஏர்வேஸின் 'பிரிவிலெஜ் கிளப்'. 2022 முதல் இதன் மைல்களுக்கு 'ஏவியோஸ்' என்று பெயர். பிரிட்டிஷ் ஏர்வேஸும் இதே ஏவியோஸைப் பயன்படுத்துவதால், இரண்டு கணக்குகளையும் இணைத்து மாற்றிக்கொள்ள முடியும்.

ஜித்தா, ரியாத், தம்மாம் செல்பவர்கள்: சவூதியாவின் 'அல்ஃபுர்சான்'.

சிங்கப்பூர், மலேசியா செல்பவர்கள்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'கிரிஸ்ஃபிளையர்', மலேசியா ஏர்லைன்ஸின் 'என்ரிச்'. ஸ்கூட் விமானங்களுக்கும் கிரிஸ்ஃபிளையர் மைல் உண்டு. திருச்சியிலிருந்து ஸ்கூட்டில் போகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இலங்கைக் குடும்பங்களும், திருச்சி, மதுரையிலிருந்து கொழும்பு வழியாகப் பறப்பவர்களும்: ஸ்ரீலங்கனின் 'ஃபிளைஸ்மைல்ஸ்'.

ஏர் இந்தியாவின் பழைய 'ஃபிளையிங் ரிட்டர்ன்ஸ்' திட்டம் இப்போது 'மகாராஜா கிளப்' என்று பெயர் மாறியுள்ளது. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டதால் விஸ்தாராவின் தனித் திட்டம் இப்போது இல்லை. இண்டிகோவும் 2024-ல் 'புளூசிப்' என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது.

பெயரில்தான் முதல் சிக்கல்

நம் குடும்பங்களில் மைல்கள் சேராமல் போவதற்குப் பெயர்ப் பிழை ஒரு முக்கியக் காரணம். முஹம்மது என்ற பெயரையே ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டு, உறுப்பினர் கணக்கில் இன்னொன்று, டிக்கெட்டில் சுருக்கப்பட்ட வடிவம் என்று இருந்தால் கணினி அந்தப் பயணத்தை உங்கள் கணக்கோடு சேர்க்காது. தகப்பனார் பெயரை ஓரிடத்தில் குடும்பப் பெயராகவும், இன்னோரிடத்தில் இனிஷியலாகவும் எழுதுவதும் இப்படித்தான்.

உறுப்பினராகச் சேரும்போது பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே ஓர் எழுத்தும் பிசகாமல் நிரப்புங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாதவர்கள், டிக்கெட்டில் பெயர் எப்படி அச்சாகிறது என்று பார்த்து அதே முறையில் கணக்கைத் திறக்க வேண்டும். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது பெயரில் மாற்றம் செய்தால், உறுப்பினர் கணக்கிலும் உடனே மாற்றச் சொல்லுங்கள். மின்னஞ்சலும் செல்பேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும். டிராவல்ஸ்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துத் திறந்த கணக்கைப் பிறகு மீட்பது கடினம்.

மைல் சேர்ப்பது எப்படி?

டிக்கெட் எடுக்கும்போதே உறுப்பினர் எண்ணைச் சேர்ப்பதுதான் சிறந்த வழி. ஏஜென்ட்டிடம் எடுத்தாலும் எண்ணைக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லலாம். மறந்துவிட்டால் செக்-இன் கவுன்டரில் சொல்லலாம். அதுவும் தவறினால் பயணம் முடிந்த பிறகு நிறுவனத்தின் தளத்தில் கோரலாம். இதற்குக் கெடு உண்டு. எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்றவற்றில் 6 மாதம். அதற்கு டிக்கெட் எண்ணும் போர்டிங் பாஸும் தேவைப்படும். வீட்டுக்கு வந்ததும் போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாமல், மைல் வரவாகும் வரை வைத்திருங்கள்.

யார் பறந்தாரோ அவர் கணக்கில்தான் மைல் சேரும். பணம் கட்டியவர் மகன் என்பதற்காக, உம்மா பறந்த பயணத்தின் மைல் மகன் கணக்குக்கு வராது. எனவே உம்மாவுக்கும் ஒரு கணக்கு தேவை. பிள்ளைகளுக்கும் அப்படியே. 2 வயது நிறைந்து தனி இருக்கைக்குப் பணம் கட்டிப் பறக்கும் பிள்ளைக்குப் பல திட்டங்களில் கணக்குத் திறக்கலாம். மடியில் வைத்துக் கொண்டுபோகும் கைக்குழந்தைக்கு மைல் இல்லை.

டிக்கெட்டின் வகை முக்கியம். ஒரே விமானத்தில், அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவர்களுக்கே வேறு வேறு அளவில் மைல் கிடைக்கும். மிகக் குறைந்த கட்டண டிக்கெட்டுக்குக் குறைந்த மைல், சில சமயம் மைலே இல்லை. குறிப்பாக, உம்ரா குழுக்களுக்காக மொத்தமாக எடுக்கப்படும் குரூப் டிக்கெட்டுகளுக்குப் பல திட்டங்களில் மைல் கிடையாது. ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மைலுக்காகக் கூடுதல் பணம் கொடுத்து டிக்கெட் எடுப்பது பெரும்பாலும் நஷ்டமே. 1,000 மைல் கூடக் கிடைக்கும் என்று 4,000 ரூபாய் அதிகம் கொடுத்தால், அந்த மைலை நாம் கிலோக்கணக்கில் விலை கொடுத்து வாங்கியதாகத்தான் அர்த்தம். முதலில் விலை, நேரம், லக்கேஜ். மைல் அதற்குப் பிறகுதான்.

குடும்பக் கணக்கு

சிதறிக் கிடக்கும் மைல்களை ஒன்று சேர்ப்பதற்கான வழி இதுதான். ஸ்கைவார்ட்ஸில் குடும்பத் தலைவராக ஒருவர் இருந்து, மேலும் 8 பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் ஈட்டும் மைல்களை முழுமையாகவே பொதுக் கணக்குக்குக் கொடுக்க முடியும். கத்தார் ஏர்வேஸிலும் குடும்பக் கணக்கு வசதி உண்டு. பொதுக் கணக்கில் பல வேளைகளில் சேர்ந்த பிறகு ஈட்டும் மைல்களே வந்து சேரும். ஆகவே அடுத்த பயணத்துக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

கிரிஸ்ஃபிளையரில் ஏற்பாடு வேறு. அங்கே உங்கள் மைலில் யாருக்கு டிக்கெட் எடுப்பீர்கள் என்று 5 பேரை நியமிக்க வேண்டும். வாப்பாவின் மைலில் மகளுக்கு டிக்கெட் எடுக்கலாம். ஆனால் வாப்பாவின் 12,000 மைலையும் மகனின் 9,000 மைலையும் கூட்டி ஒரே டிக்கெட்டாக்க முடியாது. திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வேறுபாட்டையும் பார்க்க வேண்டும்.

தலைவராக யாரை வைப்பது என்பதையும் யோசியுங்கள். பல திட்டங்களில் பொதுக் கணக்கிலிருந்து செலவழிக்கும் அதிகாரம் தலைவருக்கே. செல்பேசியில் பழக்கமுள்ள, எல்லோருக்கும் கணக்குச் சொல்லக்கூடியவராக அவர் இருப்பது நல்லது. அண்ணன் தம்பிகள் சேர்த்த மைலை யார் எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் மனவருத்தம் வராது.

காலாவதி

மைல்கள் காலாவதியாவதில் இரண்டு முறைகள் உள்ளன. முதல் முறையில், ஈட்டிய நாளிலிருந்து குறிப்பிட்ட காலம் கழிந்தால் போய்விடும், இடையில் எத்தனை முறை பறந்தாலும் சரி. கிரிஸ்ஃபிளையரில் 3 ஆண்டு. ஸ்கைவார்ட்ஸிலும் 3 ஆண்டுதான், ஆனால் அந்த மூன்றாம் ஆண்டில் உங்கள் பிறந்த மாதத்தின் இறுதியில் காலாவதியாகும். இரண்டாவது முறையில், குறிப்பிட்ட காலத்துக்குள் ஒரு முறையாவது மைலை ஈட்டினாலோ செலவழித்தாலோ எல்லா மைல்களும் உயிரோடு இருக்கும். கத்தார் ஏர்வேஸின் ஏவியோஸ் இந்த வகை, கெடு 36 மாதம்.

மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே ஊருக்கு வருபவர்களுக்கு முதல் முறை ஒத்துவராது. முதல் பயணத்தின் மைல், அடுத்த பயணம் வருவதற்குள் போய்விடும்.

மைல்களைப் பல ஆண்டுகளுக்குப் பூட்டி வைப்பதும் புத்திசாலித்தனமல்ல. நிறுவனம் விரும்பினால், ஒரு டிக்கெட்டுக்குத் தேவையான மைலை உயர்த்திவிடலாம். நிறுவனமே நின்றுபோகவும் கூடும். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது, அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் 'இன்டர்மைல்ஸ்' என்ற பெயரில் தொடர்ந்தது. ஆனால் ஜெட் விமானத்தில் ஊருக்குப் போகலாம் என்று சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அந்த விமானம் இல்லாமல் போனது. மைல் சேமிப்பல்ல. பணம் சேர்ப்பது போல மைலைச் சேர்க்கக் கூடாது.

செலவழிக்கும்போது

மைல் டிக்கெட் என்பது இலவச டிக்கெட் அல்ல. அடிப்படைக் கட்டணத்துக்குப் பதிலாகவே மைல் கழிக்கப்படும். விமான நிலைய வரிகளையும், பல நிறுவனங்களில் எரிபொருள் போன்ற கூடுதல் கட்டணங்களையும் பணமாகக் கட்ட வேண்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உதாரணமாக, ஒரு டிக்கெட்டின் முழு விலை 24,000 ரூபாய். அதையே மைலில் எடுத்தால் 20,000 மைலும் 9,000 ரூபாய் வரியும் கேட்கிறார்கள். மிச்சமாவது 15,000 ரூபாய். அதை 20,000-ஆல் வகுத்தால் ஒரு மைலின் மதிப்பு 75 காசு. அதே 20,000 மைலுக்கு 5,000 ரூபாய் மதிப்புள்ள பொருளோ பரிசுக் கூப்பனோ கிடைக்கும் என்றால் ஒரு மைலுக்கு 25 காசுதான். பொதுவாக, மைலை டிக்கெட்டாக மாற்றுவதே லாபம். மிக்சியும் ஹெட்போனும் வாங்குவது நஷ்டம்.

மைலுக்கென்று ஒதுக்கப்படும் இருக்கைகள் ஒரு விமானத்தில் குறைவு. வளைகுடாவில் பள்ளி விடுமுறையான ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும், டிசம்பரிலும், இரு பெருநாட்களை ஒட்டியும், ரமளானில் ஜித்தா விமானங்களிலும் அவை கிடைப்பது அரிது. பெரும்பாலான நிறுவனங்கள் சுமார் 11 மாதங்களுக்கு முன்பே முன்பதிவைத் திறக்கின்றன. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரே விமானத்தில் மைலில் போக வேண்டுமென்றால் அப்போதே தேடத் தொடங்க வேண்டும். தேதியை இரண்டு மூன்று நாள் முன்பின் தள்ளவும், போவதை மைலிலும் வருவதைப் பணத்திலும் எடுக்கவும் தயாராக இருந்தால் வாய்ப்பு அதிகம்.

மைல் மிகவும் கைகொடுக்கும் நேரம் ஒன்று உண்டு. ஊரில் பெற்றோருக்கு உடல்நிலை மோசம், அல்லது மவுத் செய்தி. அன்றைக்கே புறப்பட வேண்டும். அந்த நேரத்தில் பண டிக்கெட்டின் விலை வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். சில திட்டங்களில் மைல் டிக்கெட்டுக்கான அளவு அந்தளவுக்கு ஏறுவதில்லை. இருக்கை காலியாக இருந்தால் வழக்கமான மைலிலேயே கிடைத்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காக ஒரு டிக்கெட்டுக்கான மைலைக் குடும்பக் கணக்கில் எப்போதும் மிச்சம் வைத்திருப்பது நல்ல பழக்கம்.

மைல் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டி வந்தால் பெரும்பாலும் ஒரு கட்டணம் பிடித்துக்கொண்டு மைலைத் திருப்பித் தருவார்கள். ஆனால் அதற்குள் அந்த மைலின் காலம் முடிந்திருந்தால் திரும்பக் கிடைக்காமல் போகலாம். விமானத்துக்கு வராமலே இருந்துவிடுவதைவிட, முன்கூட்டியே ரத்து செய்வதே மேல்.

கடன் அட்டை மைல்கள்

செலவழிக்கும் பணத்துக்கு ஏற்ப மைல் தருவதாகச் சொல்லி வங்கிகள் கடன் அட்டைகளை விற்கின்றன. இங்கே நாம் நிதானிக்க வேண்டும். வட்டி ஹராம் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. கடன் அட்டை ஒப்பந்தத்திலேயே வட்டி நிபந்தனை இருப்பதால் அதை வாங்குவதே கூடாது என்போரும், கெடுவுக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுபவர் பயன்படுத்தலாம் என்போரும் ஆலிம்களில் உள்ளனர். உங்கள் நிலையைச் சொல்லி, நம்பகமான ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். வளைகுடாவில் இஸ்லாமிய வங்கிகள் சிலவும் மைல் தரும் அட்டைகளை வழங்குகின்றன. அவற்றிலும் ஆண்டுக் கட்டணத்தையும் நிபந்தனைகளையும் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

கணக்காகப் பார்த்தாலும் விஷயம் தெளிவாகும். 50,000 ரூபாய் செலவுக்கு 1,000 மைல் கிடைக்கிறது என்று வைப்போம். மேலே போட்ட கணக்குப்படி அதன் மதிப்பு 750 ரூபாய். அந்தத் தொகையைக் கட்டத் தவறி, மாதம் 3.5 சதவீதம் வட்டி விழுந்தால் ஒரே மாதத்தில் 1,750 ரூபாய் போகும். பாவமும் சேர்ந்து, பணமும் போகும் வியாபாரம் அது.

எச்சரிக்கை

மைல்களைப் பணத்துக்கு விற்பதையும் வாங்குவதையும் விமான நிறுவனங்கள் தடை செய்துள்ளன. "உங்கள் மைலைக் கொடுங்கள், பணம் தருகிறோம்" என்று அணுகுபவர்களை நம்பினால் கணக்கே முடக்கப்படலாம். அதேபோல, சந்தை விலையில் பாதிக்கு டிக்கெட் தருகிறேன் என்பவர், திருடப்பட்ட மைலில் எடுத்த டிக்கெட்டைத் தரக்கூடும். அது கண்டுபிடிக்கப்பட்டால் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படுவது நாம்தான்.

மைல் காலாவதியாகப் போகிறது, இந்த இணைப்பைத் தொடுங்கள் என்று வரும் குறுஞ்செய்திகளைத் தொடாதீர்கள். நிறுவனத்தின் செயலியையோ தளத்தையோ நீங்களே திறந்து பாருங்கள். கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் யாரிடமும் சொல்லக் கூடாது, டிக்கெட் போட்டுத் தரும் ஏஜென்ட்டிடமும் கூட.

உறுப்பினர் இறந்துவிட்டால் அவருடைய மைல்கள் என்னவாகும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். பொதுவாக, மைல் உறுப்பினரின் சொத்து அல்ல என்றே விதிகளில் எழுதியிருப்பார்கள். சில நிறுவனங்கள் ஆவணங்களைப் பார்த்து வாரிசுக்கு மாற்றித் தரும், சில தராது. வயதான பெற்றோரின் மைல்களை அவர்கள் இருக்கும்போதே, அவர்கள் பயணத்துக்கே பயன்படுத்திவிடுவது சிறந்தது.

இப்போதே செய்ய வேண்டியவை

1. வீட்டில் உள்ள எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்து, யாருக்கு எந்தத் திட்டத்தில் கணக்கு உள்ளது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

2. கடந்த 6 மாதத்தில் யாராவது பறந்திருந்தால், மைல் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வரவாகாவிட்டால் உடனே கோருங்கள்.

3. குடும்பம் அதிகம் போகும் தடத்துக்கு ஏற்ற திட்டம் ஒன்றைத் தேர்ந்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கணக்குகளைத் திறந்து, குடும்பக் கணக்கில் இணையுங்கள்.

4. எந்த மைல் எப்போது காலாவதியாகிறது என்பதை நாட்காட்டியில் குறித்து, அதற்கு மூன்று மாதம் முன்பே நினைவூட்டல் வையுங்கள்.

5. அடுத்த டிக்கெட்டை எடுக்கும் முன் உறுப்பினர் எண்ணைச் சேருங்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால் நிறுவனத்தின் தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் பெரிய செல்வம் எதுவும் இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து உழைப்பவர் கட்டிய டிக்கெட் பணத்தில் ஒரு பங்கு இது. அது யாருக்கும் பயனில்லாமல் அழிவதைவிட, இன்ஷா அல்லாஹ், உம்மாவை ஒரு முறை மகனிடம் அழைத்துச் செல்ல உதவட்டும்.